கடைமடைக்குப் பாயும் கணிதம்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவாகத் திருவரங்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவுச் சொற்பொழிவு என்றால் வரலாறு, இலக்கியம், அரசியல் என்று பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு, கல்லூரி முதலாண்டில் வரும் ஒரு கணிதத் தாள் எப்படி நடத்தப்படுகிறது, எப்படி மதிப்பெண் போடப்படுகிறது என்று பேசப் போகிறேன் என்றேன். “நுண்கணிதத்துக்கும் நமக்கும் என்ன ஐயா?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மதிப்பெண் பட்டியலைக் காட்டித்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவர் என்னைப் பார்க்க வந்தார். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிப்பவர். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள். வகை நுண்கணிதத் தாளில் அக மதிப்பீடு 24, பருவத் தேர்வு 29, ஆக மொத்தம் 53. ஆனால் தேர்ச்சி இல்லை. “40 எடுத்தா பாஸ்னு சொன்னாங்க ஐயா. நான் 53 எடுத்திருக்கேன். கம்ப்யூட்டர் தப்பா போட்டிருக்குமா?” என்றார். கம்ப்யூட்டர் சரியாகத்தான் போட்டிருந்தது. பருவத் தேர்வில் மட்டும் தனியாக 75க்கு 30 எடுக்க வேண்டும். அவருக்கு ஒரு மதிப்பெண் குறைந்துவிட்டது. அந்த விதி ஒன்றும் ரகசியமில்லை, பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

என் கதையும் ஏறக்குறைய இதுதான். என் அப்பா கொள்ளிடக் கரையோர ஊரொன்றில் வயல்களுக்குத் தண்ணீர் கட்டுபவர். நான் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தபோது வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். முதல் தேர்வில் எட்டுக் கணக்கு கொடுத்து, ஏதேனும் ஐந்தைப் போடச் சொல்லியிருந்தார்கள். தமிழ்வழியில் படித்துவந்த எனக்கு அந்த ஒற்றை வரி பிடிபடவில்லை. எட்டையும் போடப் பார்த்து, எதையும் முழுசாக முடிக்காமல் எழுந்து வந்தேன். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த திருவரங்கத்து நண்பன் ஐந்தை மட்டும் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் விடைகளைச் சரிபார்த்தான். என்னைவிட அவனுக்குக் கணக்கு அதிகம் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் சித்தப்பா ஒரு கல்லூரிப் பேராசிரியர். வினாத்தாளை எப்படிப் படிக்க வேண்டும், எதை முதலில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிட்டது. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பான். கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

கல்லூரியில் ஒரு தாள் என்பது உண்மையில் இரண்டு பாடம். ஒன்று, பாடத்திட்டத்தில் அச்சாகியிருக்கும் கணிதம். இன்னொன்று, அந்தக் கணிதம் எத்தனை அலகாகப் பிரிக்கப்படுகிறது, எதற்கு எத்தனை மதிப்பெண், எந்த வாசலில் யார் நிறுத்தப்படுவார்கள் என்ற விதிகளின் பாடம். இந்த இரண்டாவது பாடத்துக்கு வகுப்பு கிடையாது. அது வீடுவழியாக, உறவுவழியாக, தெருவழியாகக் கைமாறுகிறது. அதில் தோற்கிற நம் பிள்ளையை, முதல் பாடத்தில் தோற்றதாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். அதனால் இன்று அந்த இரண்டாவது பாடத்தை இந்த மேடையிலேயே நடத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

மடையில் இருக்கும் கணிதம்

முதலில் கணிதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நுண்கணிதம் என்ற பெயரைக் கேட்டே பலர் பயப்படுகிறார்கள். காவிரிக்கரைக்காரர்கள் பயப்படவே தேவையில்லை.

மேட்டூரில் நீர் திறந்தால் செய்தியில் இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று, விநாடிக்கு இத்தனை கன அடி. மற்றொன்று, அணையில் இத்தனை டிஎம்சி. முதலாவது வேகம், அதாவது நீர் எவ்வளவு விரைவாக வருகிறது அல்லது போகிறது என்பது. இரண்டாவது சேர்மானம், அதாவது இதுவரை எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆகவே வெளியேறுவதைக் கழித்து, விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க அணைக்குள் வந்தால் ஒரு டிஎம்சி சேரும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி.

சேர்மானம் தெரிந்தால் அதிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிப்பது வகையிடல். வேகம் தெரிந்தால் அதைக் கூட்டிச் சேர்மானத்தைக் கண்டுபிடிப்பது தொகையிடல். இரண்டும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டவை என்பதுதான் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்று முடிவு செய்கிறவருக்கும், எங்கள் ஊர் மடையில் மண்வெட்டியோடு நின்று ‘இந்த வரத்துக்கு விடிவதற்குள் இந்த வயல் நிறையும்’ என்று சொன்ன என் அப்பாவுக்கும் இது தெரியும். அப்பாவுக்கு அதை எழுதும் குறியீடு மட்டும் கொடுக்கப்படவில்லை.

தாள் கட்டப்படும் விதம்

திருச்சியின் கலை அறிவியல் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்த பிறகு அதன்கீழ் வந்தன. புனித வளனார், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே வைத்துக்கொள்கின்றன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்தம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஆகவே முதல் கேள்வி: என் கல்லூரி தன்னாட்சியா, இல்லையா? புகாரை எங்கே கொடுப்பது, விடைத்தாள் நகலை எங்கே கேட்பது என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது.

இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். ஆறு பருவங்களில் அவற்றைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் கணித மாணவருக்கு முதல் பருவத்தில் வகை நுண்கணிதம், இரண்டாம் பருவத்தில் தொகை நுண்கணிதம். ஒவ்வொரு தாளும் ஐந்து அலகு. வகை நுண்கணிதத்தில் அடுத்தடுத்த வகையிடல், லைப்னிட்ஸ் தேற்றம், பகுதி வகையிடல், வளைவு ஆரம் என்று போகும். தொகை நுண்கணிதத்தில் குறைப்புச் சூத்திரங்கள், இரட்டைத் தொகை, மும்மைத் தொகை, பீட்டா, காமா சார்புகள் வரும். எந்த அலகில் என்ன, பாடநூல் எது என்பது பாடத்திட்டத் தாளில் இருக்கும். தலைமுறைகளாக நம் கல்லூரிகளில் நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை எழுதிய நூல்களும், பாளையங்கோட்டையிலிருந்து வரும் ஆறுமுகம், ஐசக் எழுதிய நூல்களும் ஓடுகின்றன. இரண்டுமே ஆங்கிலம்.

இங்கேதான் முதல் அடைப்பு. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் என்று தமிழில் படித்த பிள்ளை, அதே பொருளை வேறு பெயரில் சந்திக்கிறது. கணக்கு ஒன்றுதான், மொழி மாறிவிட்டது. இன்னொன்றும் உண்டு. வகையிடலின் அடித்தளம் பிளஸ் ஒன் பாடத்தில் இருக்கிறது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூவையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். அரசுப் பள்ளிகளிலோ கணித ஆசிரியர் இல்லாமல் அந்த ஆண்டு கழிந்துபோனது உண்டு. கல்லூரிப் பாடத்திட்டமோ, எல்லோரும் ஒரே மேட்டிலிருந்து இறங்குவதாக நினைத்து முதல் வாரமே ஓடத் தொடங்குகிறது.

75க்குள் 30

பருவத் தேர்வு மூன்று மணி நேரம், 75 மதிப்பெண். பாரதிதாசன் பல்கலைக்கழக முறையில் வினாத்தாள் மூன்று பகுதி. முதல் பகுதியில் பத்து சிறுவினா, தலா 2, மொத்தம் 20. எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் ஐந்து வினா, தலா 5, மொத்தம் 25. ஒவ்வொன்றிலும் ‘இது அல்லது அது’ என்று தேர்ந்தெடுக்கலாம். மூன்றாம் பகுதியில் ஐந்தில் ஏதேனும் மூன்று, தலா 10, மொத்தம் 30. வழக்கமாக ஒவ்வோர் அலகுக்கும் இரண்டு சிறுவினா, ஓர் ஐந்து மதிப்பெண் வினா, ஒரு பத்து மதிப்பெண் வினா வரும்படி அமைப்பார்கள்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டே அலகை முழுசாகத் தெரிந்து வைத்திருப்பவருக்குச் சிறுவினாவில் 8, ஐந்து மதிப்பெண் பகுதியில் 10, பத்து மதிப்பெண் பகுதியில் 20, ஆக 38. மூன்று அலகு முழுசாகத் தெரிந்தவருக்கு 12, 15, 30, ஆக 57. ஐந்து அலகையும் அரைகுறையாகத் தொட்டுவிட்டுப் போகிறவர் 30ஐத் தொடாமலும் போகலாம். அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டு அலகை ஆழமாகப் படி, மூன்றாவதைப் பக்கத்தில் வை.

ஆனால் இதை அரியரைத் தாண்டும் வழியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன அலகு அடுத்த பருவத்தில் வட்டியோடு திரும்பி வரும். பகுதி வகையிடலை விட்டவர் இரட்டைத் தொகையில் தடுமாறுவார். தேர்ச்சி நம்மை வாசலுக்குள் விடும். உள்ளே நடக்கக் கணிதம் வேண்டும்.

இன்னொரு செய்தி: படிநிலைக்கு மதிப்பெண் உண்டு. லைப்னிட்ஸ் தேற்றத்தில் ஒரு கணக்கு வந்தால், தேற்றத்தை எழுதி, இரண்டு சார்புகளையும் பிரித்து, ஒவ்வொன்றின் வகைக்கெழுவையும் எழுதினாலே, கடைசி விடை தவறினாலும் ஒரு பங்கு கிடைக்கும். விடை வரவில்லை என்று பக்கம் முழுக்கக் கோடிட்டு அடித்துவிட்டு வரும் பிள்ளைகள் நம் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். அரைகுறையாகச் செய்தால் திட்டு விழும் என்று பழகிய பயம் அது. பேனாவை எடுத்து அடிக்காதீர்கள். எழுதியது நிற்கட்டும்.

25 யார் கையில்

மீதி 25 அக மதிப்பீடு. அகத் தேர்வுகள், ஒப்படைப்பு, கருத்தரங்கம் ஆகியவற்றைக் கொண்டு துறை ஆசிரியர் போடுவது. இதிலும் குறைந்தது 10 வேண்டும். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வுக்கே தடை வரும். இரவில் கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலைக்குப் போய்விட்டுக் காலை வகுப்பைத் தவறவிடும் மாணவருக்கு, அந்த விழுக்காடு ஒரு மதில்.

பருவத் தேர்வு விடைத்தாளில் பெயர் இருக்காது. அக மதிப்பீட்டில் பெயர், முகம், ஊர், விடுதி எல்லாம் தெரியும். நல்ல ஆசிரியர் கையில் அது வரம். தடுமாறும் பிள்ளையை அடையாளம் கண்டு தூக்கிவிட முடியும். அப்படித் தூக்கிவிட்ட ஆசிரியர்களால்தான் நான் இங்கே நிற்கிறேன். சாதி மனம் உள்ளவர் கையிலோ, யாருக்கும் தெரியாமல் தண்டிக்கும் கருவி. டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் சந்திக்கும் பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. மதிப்பீட்டிலும் பாகுபாடு இருப்பதாக மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். ஆகவே அக மதிப்பெண் எந்தெந்தக் கூறுக்கு எத்தனை என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் தர வேண்டும், ஒவ்வோர் அகத் தேர்வு விடைத்தாளும் மாணவர் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. நேர்மையான ஆசிரியருக்கும் அதுவே பாதுகாப்பு.

ஒரே ஊர், மூன்று தராசு

திருச்சிக்குள்ளேயே இந்தப் பாடத்துக்கு மூன்று தராசு இருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது, அண்ணா பல்கலைக்கழகம். திருவரங்கம் பெயரைத் தாங்கிய அரசு பொறியியல் கல்லூரி திருவரங்கத்தில் இல்லை. நகருக்குத் தெற்கே சேதுராப்பட்டியில் இருக்கிறது. இந்தத் தீவிலிருந்து போகும் மாணவர் ஆற்றையும் கடந்து நகரையும் கடந்து போக வேண்டும். அங்கே 2021 ஒழுங்குமுறையில் முதல் பருவத்தில் ‘அணிகளும் நுண்கணிதமும்’ என்ற தாள், 4 கிரெடிட். அதே ஒழுங்குமுறைப்படி அக மதிப்பீடு 40, பருவத் தேர்வு 60. தேர்வை 100க்கு எழுதி 60க்குச் சுருக்குவார்கள். தேர்வில் குறைந்தது 45 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். தேர்வில் சரியாக 45 எடுத்தால் அது 60க்கு 27 ஆகிறது. அப்போது அக மதிப்பீட்டில் 23 இருந்தால்தான் தேர்ச்சி. அக மதிப்பீட்டில் 10 மட்டும் வைத்திருப்பவர் தேர்வில் 67 எடுக்க வேண்டும். அகத் தேர்வை ‘சின்னத் தேர்வுதானே’ என்று விடுகிறவர், பெரிய தேர்வில் 22 மதிப்பெண்ணைக் கூடுதலாகச் சுமக்கிறார்.

மூன்றாவது, துவாக்குடியில் இருக்கும் என்.ஐ.டி. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் என்.ஐ.டி. ஆனது. அங்கே ஒப்பீட்டுத் தரநிலை. எஸ் என்றால் 10 புள்ளி, ஏ என்றால் 9, இப்படி இ வரை இறங்கும். அதற்குக் கீழே எஃப். வகுப்பு முழுவதன் மதிப்பெண்களும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து எல்லைகளை வகுக்கிறார்கள். உங்கள் 60 என்ன தரம் என்பதை உங்களோடு உட்கார்ந்திருப்பவர்களின் மதிப்பெண் முடிவு செய்கிறது. இரண்டு ஆண்டு பயிற்சி மையத்தில் இதே கணிதத்தை அரைத்துவிட்டு வந்தவரும், அரசுப் பள்ளியிலிருந்து வந்தவரும் முதல் பருவத்திலேயே ஒரே தராசில் ஏறுகிறார்கள். பருவத் தொடக்கத்திலேயே மதிப்பீட்டு நாட்களையும் எடைகளையும் எழுதிய பாடநடத்தைத் திட்டத்தை மாணவருக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்த ஒரு வழக்கம் எல்லாக் கல்லூரிக்கும் வர வேண்டும்.

ஒரே மாணவர், ஒரே அறிவு. ஒரு தராசில் தேர்ச்சி, மற்றொன்றில் அரியர், மூன்றாவதில் அடுத்தவரைப் பொறுத்தது. மதிப்பெண் என்பது மனிதர்கள் கூடி வகுத்த விதியின் விளைவு. விதியை மாற்றினால் எண் மாறும். பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். 2017இல் நுழைவுத் தேர்வு விதி வந்ததும் அந்த 1176 மருத்துவக் கல்லூரி வாசலில் செல்லாக்காசானது. அனிதாவை இழந்தோம்.

யார் தோற்றால் என்ன பெயர்

தகுதி, திறமை என்று நம்மிடம் பேசுகிறவர்களுக்கு இரண்டு தோல்விக் கணக்கை நினைவூட்ட வேண்டும்.

ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1913இல், பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. கொடுத்தது மிகச் சரி. விதி மனிதருக்காக வளைய வேண்டிய இடத்தில் வளைந்தது. அவருடைய தோல்வியை மேதைமையின் அடையாளமாகச் சொல்லி வளர்ந்த ஊர் இது. விடுதிப் பிள்ளையின் ஓர் அரியருக்கு மட்டும் ‘கோட்டாவில் வந்தது’ என்று பெயர்.

அண்ணல் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது எடுத்தது 750க்கு 282. நூற்றுக்கு 37.6. இன்றைய 40 என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் அது தோல்வி. அந்த 37.6தான் கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் போய், அரசியலமைப்பை வரைந்தது. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழக மசோதா மீது அவர் பேசியபோது, உயர்கல்வியை ஏழை எளியவரின் வாசலுக்குக் கொண்டுசேர்ப்பது பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று என்பதை வலியுறுத்தினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கி அதைச் செய்தும் காட்டினார்.

நல்ல வழிகாட்டி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்த ஊரிலேயே தடயம் இருக்கிறது. பிரான்சிலிருந்து 1937இல் வந்த சார்லஸ் ராசீன் பாதிரியார் முதலில் கற்பித்தது திருச்சி புனித வளனார் கல்லூரியில். பிறகு சென்னை லயோலாவுக்குப் போனார். பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்த புதிய கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டி, ஆராய்ச்சிக்கு அனுப்பிவைத்தார். சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன் போன்ற உலகறிந்த கணிதர்கள் அவர் காட்டிய வழியில் போனவர்கள். வழிகாட்டி இருந்த வகுப்பறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாரால் உட்கார முடியவில்லை என்ற கேள்வியையும் நாம்தான் கேட்க வேண்டும்.

மட்டமும் வேகமும்

இப்போது மேட்டூருக்குத் திரும்புவோம். மதிப்பெண் என்பது ஒரு குறிப்பிட்ட நாளின் நீர்மட்டம். ஒருவர் முதல் அகத் தேர்வில் நூற்றுக்கு 85, முடிவில் 90. இன்னொருவர் முதலில் 20, முடிவில் 55. பட்டியலில் 90ம் 55ம் மட்டும் நிற்கும். 90 எடுத்தவருக்கு அதிகம் தெரியும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்லூரி, அந்தப் பருவத்தில் ஒருவருக்கு 5 கொடுத்தது, மற்றவருக்கு 35 கொடுத்தது. வகையிடலைக் கற்பிக்கும் தாளே, தன் மாணவரை அளக்கும்போது மாறும் வேகத்தைப் பார்க்காமல் மட்டத்தை மட்டும் பார்க்கிறது. மாணவரை அளக்க மட்டம் போதும் என்றால் இருக்கட்டும். கல்லூரியை அளக்கும்போதாவது வேகத்தைப் பாருங்கள். எத்தனை பேர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள் என்று விளம்பரம் போடும் கல்லூரி, எத்தனை முதல் தலைமுறை மாணவர் முதல் பருவத்தில் விழுந்து ஆறாம் பருவத்துக்குள் எழுந்தார்கள் என்றும் சொல்லட்டும்.

எழ முடியுமா என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதத் தாளில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்றார்கள். ஆர்வமில்லை, அடித்தளமில்லை, குடும்ப ஆதரவில்லை என்று பேராசிரியர்கள் காரணம் சொன்னார்கள். யூரி டிரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர், 20 கறுப்பின மாணவர்களும் 20 சீன வம்சாவளி மாணவர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள். ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார்கள். தேர்வைப் பற்றிய செய்திகளைப் பகிர்ந்துகொண்டார்கள். கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் தனியாக. டிரைஸ்மன் அவர்களைக் குழுவாக உட்காரவைத்து, எளிய கணக்கைக் கொடுக்காமல் கடினமான கணக்குகளையே கொடுத்தார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் தேறினார்கள், பலர் முன்னணிக்கே வந்தார்கள். மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய பாப் மோசஸ், 1980களில் இயற்கணிதம் கற்பிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். கணித அறிவையும் குடியுரிமையின் பகுதியாகவே அவர் பார்த்தார்.

நம் பிள்ளைகளும் தனியாகத்தான் படிக்கிறார்கள். கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற கூச்சம் அவர்களைத் தனியாக்கி வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

மாணவர்களுக்கு: சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் சேர்க்கை ஆண்டுக்குரிய ஒழுங்குமுறையையும் பாடத்திட்டத்தையும் கையில் வாங்குங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சீனியர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். தேர்ச்சிக்கு எங்கே எத்தனை என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பழைய வினாத்தாள்களை அலகுவாரியாகப் பிரித்து வையுங்கள். தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் எதிரெதிரே எழுதிய பட்டியல் ஒன்று செய்யுங்கள். வினாத்தாளின் கட்டளை வரிகளையும் அதில் சேருங்கள். விடுதியில் ஐந்து பேர் வாரம் இரண்டு இரவு சேர்ந்து கணக்குப் போடுங்கள்.

முடிவு தவறென்று தோன்றினால் விடைத்தாள் நகல் கேளுங்கள், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கான நாட்கள் குறைவு, முடிவு வந்த அன்றே பாருங்கள். திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வெழுதியவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

செயல்பாட்டாளர்களுக்கு: உதவித்தொகைக்கும் விடுதிச் சோற்றுக்கும் போராடுகிற நாம் மதிப்பீட்டு விதிகளுக்காகவும் போராட வேண்டும். ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே ஒழுங்குமுறை கொண்டுவந்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேளுங்கள். முதல் பருவம் தொடங்குமுன் தமிழில் ஓர் இணைப்புப் பயிற்சி கேளுங்கள். நம் பேரவை ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை முடிந்ததும் விடுதி விடுதியாகப் போய், இந்த இரண்டாவது பாடத்தை ஒரு மாலை நடத்தினால் போதும். அதற்குக் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்தாலும் தலைமடை வயல் குடித்த பிறகுதான் கடைமடைக்கு வரும். முறை வைத்து, கூடவே நடந்து, அடைப்பை எடுத்துவிட்டால் கடைமடையும் நிறையும் என்று என் அப்பாவுக்குத் தெரியும். கல்லூரி என்ற வாய்க்காலில் நம் பிள்ளைகள் இன்றும் கடைமடையில்தான் இருக்கிறார்கள்.

அந்த 53 மதிப்பெண் மாணவர் அடுத்த பருவத்தில் அந்தத் தாளை மறுபடியும் எழுதினார். 75க்கு 44. பட்டியலைக் காட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கூடவே விடுதியிலிருந்து முதலாண்டுப் பிள்ளைகள் மூன்று பேரை அழைத்து வந்திருந்தார். “இவங்களுக்கும் அந்த விதியைச் சொல்லிருங்க ஐயா” என்றார். “நீயே சொல்லு, நான் கேட்கிறேன்” என்றேன். உட்கார்ந்து சொன்னார். தப்பில்லாமல் சொன்னார்.